முகட்டு வண்டும் மூன்று கட்டிச் சூடமும்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைதேர்ந்த எழுத்தாளர்கள் இதைக் கடைசிவரை மடியில் கட்டிவைத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இந்த 1969ஆம் வருடம் வைகாசி மாதம் தென்காசியில் ஒரு வாடகை வீட்டுக்குப் பூஜை அலமாரியைக் கழற்றப் போனேன். நான் தச்சன். (நாலு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் தச்சன் என்றுதான் சொல்வார்கள்.) குடியிருந்தவர் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தார். அலமாரியின் மேல்தட்டில் ஒரு தேக்குப் பெட்டி மட்டும் இருந்தது. பெட்டிக்குள் ஒரு பழைய நோட்டும் ஒரு சூட டப்பாவும் இருந்தன. டப்பாவைத் திறந்தால் இரண்டு கட்டிச் சூடம், ஒரு துண்டுப் பஞ்சு, பஞ்சின்மேல் ஒரு கரிய வண்டு. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். செத்துப் பல வருடமாகியும் ஒரு கால்கூட உதிரவில்லை.

வண்டு இருக்கட்டும். பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது என் வாப்பா மூசா செய்த பெட்டி. அந்தப் பெட்டியால்தான் அவருக்கு இந்த ஊரில் ‘மூடி மூசா’ என்று பெயர் வந்தது. மூடி சேராத பெட்டி செய்தவர் என்று அர்த்தம். எட்டு வருடமாக நான் மூடி மூசா மகன்.

ஆகவே இந்தக் கதையை நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத்தான் உட்கார்ந்தேன். அவள் பெயர் நாச்சியார். அந்த வீட்டில் குடியிருந்த வாத்தியாரின் மனைவி. மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோனாள். செத்தவள் எழுந்துவந்து மறுத்துப் பேசப்போவதில்லை என்ற தைரியமும் எனக்கு இருந்தது.

2

தொடக்கம் ஒன்று: “காற்று ஓயாமல் அடிக்கும் மலைமுகட்டில் வாழும் பூச்சிகள் காலப்போக்கில் தம் சிறகுகளை—” (பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: “நாச்சியார் பொய் சொல்லத் தெரியாதவள்தான், ஆனால்—” (இதையும். ‘ஆனால்’ போட்டவுடனே தீர்ப்பு வந்துவிடுகிறது, பிறகு கதைக்கு என்ன வேலை?)

மூன்றாவது தொடக்கத்தை அடிக்காமல் விடுகிறேன்.

நாச்சியாரின் கணவர் ஆவுடையப்பன் உயர்நிலைப் பள்ளியில் இயற்கை விஞ்ஞானம் நடத்திவந்தார். 1957இல் அவருக்கு வண்டுப் பித்து பிடித்தது. சனிக்கிழமை தவறாமல் குற்றாலத்துக்குப் போய், செண்பகாதேவி அருவியைத் தாண்டி, தேனருவிக்கும் மேலே, மரமெல்லாம் நின்றுபோய் வெறும் புல்லும் பாறையுமாகக் கிடக்கிற ஒரு முகட்டில் ஏறுவார். கூடவே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் வெள்ளை வேட்டியும் போகும். வேட்டியைத் தொங்கவிட்டு விளக்கை ஏற்றினால் பூச்சிகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் இப்படிப் பிடித்ததில் கிடைத்ததெல்லாம் கீழே இலத்தூர்க் குளத்தங்கரையிலேயே கிடைக்கிற வண்டுகள்தான். மலையில் புதிதாக ஒன்றுமே இல்லை என்று மனிதர் முகம் விழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நாச்சியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வெளக்குக்குப் பறக்குத வண்டுதான வரும்?” என்றாள். “பறக்காத வண்டு எப்படி வரும்? அது அது பாட்டுக்குத் தரையிலல்லா கெடக்கும்.”

ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். அவள் முறத்தைத் தட்டிக் கல் பொறுக்கினாள்.

“அப்ப எப்படிப் பிடிக்க?”

“நம்ம அடுக்களைல கரப்பான் எப்படி மாட்டுது? பாகுச் சட்டிக்குள்ள விழுந்துதான?”

மறுவாரம் விளக்கு வீட்டில் இருந்தது. பத்துத் தேங்காய்ச் சிரட்டைகளும் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கருப்பட்டிப் பாகும் மலையேறின. சிரட்டையின் விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி குழியில் இறக்கி, அடியில் கொஞ்சம் பாகு விடவேண்டும். ஊர்ந்து வருவது தவறி விழும். அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது மூன்று சிரட்டைகளில் கரிய வண்டுகள் கிடந்தன.

வண்டின் முதுகில் இரண்டு மூடிகள் உண்டு. பறக்கிற வண்டு அவற்றைத் தூக்கி, அடியில் மடித்துவைத்திருக்கும் மெல்லிய சிறகை விரிக்கும். ஆவுடையப்பன் ஊசியால் ஒரு மூடியைத் தூக்கினார். அடியில் சிறகு இல்லை. சிறகு இருக்கவேண்டிய இடத்தில் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு தோல்முனை மட்டும் இருந்தது. இலத்தூர்க் குளத்தங்கரையில் இதே அளவில், இதே நிறத்தில், பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லும்படி ஒரு வண்டு உண்டு. அதன் மூடிக்கு அடியில் முழுச் சிறகு இருந்தது.*

(* வண்டின் பெயரைக் கேட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள். எந்தப் புத்தகத்தில் தேடினாலும் அது கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதுதான் கதை.)

3

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லவேண்டியிருக்கிறது. எல்லாம் அந்த நோட்டில் படித்ததுதான். அவசரமாகப் போகிறவர்கள் நாலாவது பகுதிக்குப் போகலாம், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

கடல் நடுவே உள்ள தீவுகளிலும் உயர்ந்த மலைமுகடுகளிலும் பறக்காத பூச்சிகள் அதிகம். காரணம் காற்று என்று நூறு வருடமாகச் சொல்லிவருகிறார்கள். பறக்கிற வண்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்க் கடலில் தள்ளிவிடும். பறக்கச் சோம்பல்பட்டது மிஞ்சும். மிஞ்சியதன் பிள்ளைகளும் அதே மாதிரி இருக்கும். இப்படியே போனால் சிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, கடைசியில் இல்லாமலே போகும். புளியறைக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்றைத் தெரிந்தவர்களுக்கு இதை நம்புவது சுலபம். ஆவுடையப்பனும் நம்பினார், மனைவிக்கும் விளக்கினார்.

“கல்லுக்கு அடியில கெடக்குததுக்கு ஏது காத்து?” என்றாள் நாச்சியார்.

அவர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“றெக்க மொளைக்கதுக்கும் சாப்பாடு வேணும்லா? அங்கனயே தீனி கெடைக்கு, அங்கனயே குடும்பம் நடத்துது, அப்பொறம் றெக்கைய வச்சு அது எங்க போவ? றெக்கைக்குப் போற சத்து வயித்துக்குப் போயிருக்கும். முட்டைய எண்ணிப் பாருங்களேன்.”

அவர் எண்ணினார். இலத்தூர்ப் பெட்டைகளின் வயிற்றில் பத்து, பதினொன்று. முகட்டுப் பெட்டைகளில் பதினெட்டு, பத்தொன்பது. நோட்டில் இந்த எண்களுக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: ‘இது நாச்சியார் சொன்னது.’ இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அந்த வரிதான் என் கதையைக் கெடுத்தது. முதல் வரைவில் நாச்சியாரை ஒன்றும் தெரியாத பெண்ணாக வைத்திருந்தேன். வண்டாவது பூச்சியாவது என்று அலட்சியமாகச் சூடத்தை எடுத்துவிட்டாள் என்று எழுத வசதியாக இருந்தது. நோட்டைப் படித்த பிறகு அது முடியவில்லை. அந்த வண்டின் மதிப்பு ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும், அதில் அவள் ஒருத்தி.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். சிறகில்லாத வண்டு என்றதும் அடுக்களைக்குள் அடைந்து கிடக்கும் பெண் என்று எழுத எனக்குக் கை பரபரத்தது. எழுதியும் பார்த்தேன். ‘நாச்சியாருக்கும் ஒரு காலத்தில் சிற—’ வேண்டாம். முகட்டு வண்டு எதையும் பறிகொடுத்துவிட்டு அழுகிற பிராணி அல்ல. அந்த இடத்தில் அது நன்றாகவே இருந்தது.

4

1958இல் ஆவுடையப்பன் வாப்பாவிடம் வந்து, காற்றுப் புகாத பெட்டி ஒன்று வேண்டும் என்றார். செத்த பூச்சியைத் தின்ன உயிருள்ள பூச்சி வரும். மயிர் முளைத்த ஒரு சின்னப் புழு. உள்ளே புகுந்தால் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் தூளாக்கிவிடும். இறுக்கமான பெட்டி வேண்டும், அதன் மூலையில் எப்போதும் சூடம் இருக்கவேண்டும், சூட வாடைக்கு அந்தப் புழு வராது.

வாப்பா இருபது நாள் எடுத்துக்கொண்டார். மூடியின் நாலு பக்கமும் காடிப் பள்ளம் எடுத்து, நூல் பிசகாமல் உட்காரவைத்தார். கொடுக்கிற அன்று பெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடி, வாத்தியார் வீட்டுத் தரையில் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு வரவில்லை.

“வாத்தியாரய்யா, தண்ணி போவாத எடத்துல பூச்சி போவாது” என்றார்.

மூன்று வருடத்தில் அந்தப் பெட்டிக்குள் முப்பத்தோரு முகட்டு வண்டுகள் சேர்ந்தன. ஆவுடையப்பன் வடக்கே உள்ள ஒரு ஆராய்ச்சியாளருக்கு எழுதினார். வண்டுகளைத் தபாலில் அனுப்பவேண்டாம், 1961 புரட்டாசியில் நானே வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

அந்த வருடம் மாசியில் முகட்டில் தீப்பிடித்தது. புல் காய்ந்திருந்தது, காற்று அடித்தது, யாரையும் குறைசொல்ல முடியாது. பாறை மட்டும் கருகி நின்றது. கோடைமழை பெய்ததும் புல் திரும்ப முளைத்தது. வெட்டுக்கிளிகள் வந்தன, பட்டாம்பூச்சிகள் வந்தன, விளக்குக்கு வருகிற வண்டுகள் எல்லாம் வந்தன. பறக்கத் தெரிந்தவை எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். ஆவுடையப்பன் சித்திரையிலிருந்து வாராவாரம் சிரட்டை வைத்தார். எறும்புதான் விழுந்தது.

அதாவது அவருக்குத் தெரிந்தவரையில் அந்த வண்டு இந்த உலகத்தில் மூசாவின் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. செத்த நிலையில், முப்பத்தொன்று.

இது நாச்சியாருக்கும் தெரியும். அவர் மலையிலிருந்து வெறுங்கையோடு வந்து, சாப்பிடாமல் எழுந்து போனதைப் பார்த்தவள் அவள்.

5

இனி வருவது நான் கட்டியது. சாட்சி கிடையாது. வாப்பா சொன்னது கொஞ்சம், அந்தச் சூட டப்பா கொஞ்சம், மீதி ஊகம்.

தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மேற்கே குற்றாலத்தில் சாரல் விழுந்தால் வீட்டில் சொந்தம் வந்து விழும். அந்த ஆடியில் ஆவுடையப்பன் வீட்டில் பதினேழு பேர் தங்கியிருந்தார்கள். காலையில் அருவி, வந்ததும் இட்லி, மத்தியானம் சாப்பாடு, மறுபடி அருவி, ஈரத்துணி காயவைக்க இடம் போதவில்லை என்று ஒரு சண்டை. நாச்சியார் உட்கார்ந்து சாப்பிட்டு வாரக்கணக்காகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. ஆவுடையப்பனின் பெரியம்மா வடிவம்மாள் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பூஜைக்கு நின்றார். பதினேழு பேரும் கையைக் கூப்பிக்கொண்டு பின்னால் நின்றார்கள். மணி அடித்தாயிற்று. சூட டப்பாவைத் திறந்தால் வெறும் டப்பா.

“ஏட்டி நாச்சியா, சூடம் எங்க?”

“இந்தா வந்துட்டேன் அத்தை.”

வெளியே மழை கொட்டுகிறது. கடைக்கு ஆள் விட்டால் வர அரைமணி நேரமாகும். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சூடம் இல்லாத வீடா என்று அத்தை தூத்துக்குடி வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார். நாச்சியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேக்குப் பெட்டியின் மூலையில் மெல்லிய துணியில் கட்டி மூன்று கட்டிச் சூடம் இருந்தது. எடுத்தாள். நாளைக்கு வாங்கி வைத்துவிடலாம்.

சூடம் நன்றாகத்தான் எரிந்தது. எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் பாவூர்சத்திரத்திலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் அத்தைக்குக் காய்ச்சல். இப்படியே ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. சாரல் காலத்தில் திறந்தால் ஈரம் ஏறும் என்று ஆவுடையப்பன் ஆனியிலிருந்து புரட்டாசி வரைக்கும் அந்தப் பெட்டியைத் தொடமாட்டார். கடைசி விருந்தாளியைப் பஸ் ஏற்றிவிட்டு, வீட்டைக் கழுவிவிட்டு, ஒரு வாய் காப்பியை வாயில் வைத்தபோதுதான் நாச்சியாருக்கு அந்தச் சூடம் நினைவுக்கு வந்தது.

ஓடிப்போய்த் திறந்தாள். பெட்டிக்குள் வரிசையாகக் குத்திய ஊசிகள் நின்றன. ஊசிகளைச் சுற்றிக் காப்பிப்பொடி மாதிரி தூள் கிடந்தது. காலும் தலையும் மூடியும் தனித்தனியாக உதிர்ந்து கிடந்தன. மயிர் முளைத்த புழு ஒன்று மூலையில் நெளிந்தது. அவள் சூடம் எடுத்தபோதுதானே பெட்டி திறந்தது, அப்போது நுழைந்ததோ, முன்பே எந்த வண்டின் வயிற்றிலாவது முட்டையாக இருந்ததோ! ஒரே ஒரு வண்டு, ஓரத்தில் இருந்தது, முழுசாக இருந்தது. அதை ஊசியிலிருந்து உருவி, பஞ்சில் வைத்து, பூஜை அலமாரியிலிருந்த சூட டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பெட்டிக்குள்ளும் புதுச் சூடம் வைத்தாள்.

அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். அவர் கையில் கடிதத்தோடு வந்தார். ஆராய்ச்சியாளர் தேதி குறித்திருந்தார். “ஏட்டி, வாராராம்!” என்று அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள்.

6

புரட்டாசியில் வந்த ஆராய்ச்சியாளர் நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார் என்று வாப்பா இப்போதும் சொல்வார். (வாப்பா அன்று அங்கே இருந்தார். பெட்டி செய்தவரையும் அறிமுகப்படுத்தவேண்டும் என்று ஆவுடையப்பன்தான் கூப்பிட்டிருந்தார்.)

பெட்டியைத் திறந்தால் ஊசிகளும் தூளும்தான்.

ஆராய்ச்சியாளர் கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். படங்களைப் பார்த்தார், முட்டைக் கணக்கைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். உங்கள்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதில் சிறகே இல்லையா, இருந்ததைப் புழு தின்றதா என்று எப்படிச் சொல்வேன்? படத்தை நம்பி எழுதமுடியாது. ஒன்று போதும். முழுசாக ஒரே ஒரு வண்டு இருந்தால் போதும்.

நாச்சியார் காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் உயர்த்திய ஒற்றை விரல் புரிந்தது. சூட டப்பா அவளுக்குப் பின்னால் பத்தடியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டுவந்து நீட்டினால் கணவரின் நாலு வருட உழைப்பு பிழைத்துவிடும். நீட்டினால், இது எப்படித் தப்பியது, எப்போது எடுத்தாய், ஏன் எடுத்தாய், முப்பதும் தூளானதைப் பார்த்துவிட்டா ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய் என்று அவர் கேட்பார். காப்பியை வைத்துவிட்டு நின்றாள்.

ஆராய்ச்சியாளர் போனபிறகு ஆவுடையப்பன் வாப்பாவின் பக்கம் திரும்பினார்.

“மூடி சேரல, மூசா.”

“என்னய்யா சொல்லுதிய? தண்ணி ஊத்திக் காட்டுனம்லா?”

“தண்ணி வேற, புழு வேற. சூடம் அப்படியே இருக்கு பாரும். சூடம் இருந்தும் உள்ள போயிருக்குன்னா மூடியிலதான் கோளாறு.”

வாப்பா பெட்டியிலிருந்த தூளை ஒரு காகிதத்தில் பதமாகக் கொட்டி ஓரமாக வைத்தார். குடத்தை எடுத்துப் பெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினார். மூடினார், கவிழ்த்தார். கூடத்துத் தரையில் ஒரு சொட்டு விழவில்லை. கவிழ்த்த பெட்டியைக் கையில் தாங்கிக்கொண்டே நிலைப்படியைப் பார்த்தார்.

“அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. இதுல ஒரு நூல் சந்து இருக்கா?”

“எனக்கென்ன தெரியும், பாய்” என்று சொல்லிவிட்டு நாச்சியார் உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். வாப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு மாதத்துக்குள் பள்ளி ஆய்வுக்கூடத்து அலமாரி வேலை வேறொரு பட்டறைக்குப் போயிற்று. கடைத்தெருவில் ‘மூடி மூசா’ என்றார்கள். வாப்பா அன்றிலிருந்து எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும், வளையல் பெட்டியாக இருந்தாலும்கூட, வாங்கவந்தவர் எதிரிலேயே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துக் காட்டாமல் கொடுப்பதில்லை. கேட்காதவர்களுக்கும் காட்டுவார். பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும், பிறகு அழுகை வரும்.

7

முடிவு எழுதவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: நாச்சியார் டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடுகிறாள். செங்கோட்டையிலிருந்து வண்டி வருகிறது. ஆராய்ச்சியாளர் ஏறக் காலை வைக்கிறார். “அய்யா, ஒரு நிமிசம்—” (சினிமா. தவிர, அவர் கையில் வண்டு கிடைத்திருந்தால் முதல் வேலையாக மூடியைத் தூக்கியிருப்பார். என்னிடம் இருக்கிற வண்டின் மூடிகள் தூக்கப்படவே இல்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.)

இரண்டாவது: அவள் எங்கள் பட்டறைக்கு வருகிறாள். “பாய், ஒங்க பெட்டில ஒரு கொறையும் இல்ல. நான்தான்” என்கிறாள். வாப்பா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, “விடுங்கம்மா” என்கிறார். ஒரு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். வாப்பாவை என் இஷ்டத்துக்கு மன்னிக்கவைக்க நான் யார்?

மூன்றாவது: அவள் சொல்லவே இல்லை. 1966 தை மாதம் மஞ்சள்காமாலையில் இறந்துபோகிறாள். இதில் தேதி மட்டுமாவது நிச்சயம்.

மூன்றாவதை எழுதும்போதுதான் எனக்கு நோட்டில் படித்தது ஞாபகம் வந்தது. சிறகு ஒரே நாளில் போவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் மயிரிழை குட்டையாகிறது, எந்த வண்டுக்கும் தான் எதையும் விட்டுவிட்டதாகத் தெரியாது. முதல் நாள் அவளுக்கு அது ஒரு வரிப் பேச்சு. ‘சூடத்தை எடுத்துட்டேன், மன்னிச்சிருங்க.’ ஒரு மாதம் கழித்து அதற்கு விளக்கம் வேண்டும். மூசா பெயர் கெட்டபிறகு அந்த விளக்கத்துக்கும் விளக்கம் வேண்டும். அஞ்சு வருடத்தில் அவளால் சொல்லமுடியாத பேச்சாகவே அது ஆகிப்போயிருக்கும். தினமும் விளக்கேற்றும்போது அந்த டப்பா அவள் கண்ணெதிரில் இருந்திருக்கிறது. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் இந்த இடத்தில் குறைந்துவிட்டது, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

8

உங்களிடமிருந்து இரண்டு விஷயத்தை மறைத்துவைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன்.

ஒன்று, சூடம். திறந்து வைத்தால் நாலு நாளில் காற்றோடு போகும். மூடிய டப்பாவில் கொஞ்ச காலம் நிற்கும், ஆனால் முனை மழுங்கிக் கூழாங்கல் மாதிரி உருண்டுபோகும். நான் திறந்தபோது டப்பாவில் இருந்த இரண்டு கட்டிகளும் நாலு முனையும் கூராக, கடையிலிருந்து அன்றைக்கு வாங்கிவந்த மாதிரி இருந்தன. முனை பார்க்கத் தச்சனுக்குத் தெரியும். நாச்சியார் இறந்து மூன்று வருடமாகிறது.

ஆக, ஆவுடையப்பனுக்குத் தெரியும். எப்போது தெரிந்தது என்பது எனக்குத் தெரியாது. அவள் சாகும்போது சொன்னாளா, செத்தபிறகு விளக்கேற்றப் போய்த் திறந்து பார்த்தாரா, அந்தப் புரட்டாசியிலேயே தெரிந்துகொண்டு இவரும் சொல்லாமல் இருந்தாரா! வண்டு கையில் இருந்தது. ஊசியால் மூடியைத் தூக்கி, அந்த ஆராய்ச்சியாளருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் அவர் பெயர் புத்தகத்தில் ஏறியிருக்கும். இது எப்படித் தப்பியது என்று கேட்டால் மனைவியைக் காட்டிக்கொடுக்கவேண்டியிருக்கும். அவர் மூடியைத் தூக்கவில்லை. சூடம் கரையக் கரையப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறார். என் வாப்பாவை அப்படியே விட்டுவிட்டார்.

இரண்டாவது, அலமாரியைக் கழற்றச் சொன்ன வீட்டுக்காரர் செல்லப்பா பிள்ளை சொன்ன ஒரு பேச்சு. நான் சாமான்களை எடுத்துக்கொண்டு புறப்படும்போது சாதாரணமாகச் சொன்னார்.

“வாத்தியாரு பென்சன் வாங்கி மக வீட்டுக்குப் போறப்ப ஒரே வார்த்ததான் சொன்னாரு. அலமாரியக் கழத்த மூசா பட்டறைலருந்துதான் ஆள் வரணும், மேல்தட்டுல இருக்குத பெட்டி அவுகளுக்குத்தான்னு. நீங்கதான் அவரோட பேச்சுவார்த்தையே இல்லாம இருக்கியளே, எனக்கு ஒண்ணும் புரியல.”

நோட்டும் டப்பாவும் பெட்டிக்குள் வைத்து, மூடி ஒரு நூல் பிசகாமல் அழுத்தி மூடியிருந்தது.

9

நாச்சியாரைக் கூண்டில் ஏற்ற வந்தவன் நான். இனி என் கதை.

அந்தப் பெட்டியை எடுத்துவந்து பதினோரு நாள் ஆகிறது. வாப்பாவிடம் சொல்லவில்லை. பட்டறையின் பின்பக்கம் பலகைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. முதல் நாள் செங்கோட்டையிலிருந்து மரம் வந்து இறங்கியது. மறுநாள் எங்கள் வீட்டுக்கும் சாரலுக்கு ஆள் வந்துவிட்டது. பிறகு, உங்கள் பெட்டியில் குறையில்லை என்று வாத்தியாருக்கு இத்தனை காலமாகத் தெரியும் வாப்பா என்று எந்த முகத்தோடு சொல்வது? அறுபது வயதில் அந்த மனுஷன் அதைத் தாங்குவாரா, சந்தோஷப்படுவாரா? கதையை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது கதை முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று டப்பாவைத் திறந்தேன். நான் அடிக்கடி திறந்து பார்த்ததில் சூடம் மழுங்கிப் பாதியாகிவிட்டது. அய்யாத்துரை கடைக்குப் போனேன்.

“ஏன் பாய், ஒங்க வீட்ல எதுக்குச் சூடம்?” என்று சிரித்தார் அய்யாத்துரை.

நான் ஏதோ மழுப்பிவிட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று கட்டி. வாத்தியார் குடியிருந்த வீட்டு வழியாக வந்தபோது கால் ஒரு நிமிடம் நின்றது.

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடம் தருகிறேன். வண்டு என் மேஜையில் இருக்கிறது. மூடியைத் தூக்க ஒரு ஊசி போதும், சிறகு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றுகிறது, உங்களுக்கு இருக்கலாம். ஆனால் முன்பக்கம் வாப்பா ஒரு புதுப் பெட்டியை முடித்துவிட்டார். வாங்கவந்தவர் இலத்தூர்க்காரர், நேரமாயிற்று என்கிறார். வாப்பா விடவில்லை.

“ஏலே, தண்ணி கொண்டாலே!”

குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன். குனிந்து ஊற்றுகிறேன். வாப்பா மூடியை அழுத்திப் பெட்டியைக் கவிழ்க்கிறார். தரை காய்ந்தே கிடக்கிறது. இலத்தூர்க்காரர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் துண்டில் கட்டிக்கொண்டு போகிறார். வாப்பா நிமிர்ந்து என் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சுகிறார்.

“என்னலே, ஒம்மேல சூட வாடை அடிக்கு?”

கேட்டுவிட்டு நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.